பதிவு அலுவலகமும் தணிகைமணியும்

பொதட்டூர்பேட்டையில் மின்வெட்டு வந்தால்தான் அமைதி கிடைக்கும். தெருவுக்குத் தெரு விசைத்தறி ஓடும் ஊர் இது. வீட்டுக்குள் பேசுகிறவர்களும் குரலை உயர்த்தியே பேசிப் பழகியவர்கள். வெளியூரிலிருந்து மருமகளாய் வரும் பெண் முதல் மாதம் தூங்குவதில்லை என்றும், பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போனால் அங்கே தூக்கம் வருவதில்லை என்றும் வேடிக்கையாகச் சொல்வார்கள். இந்த ஓசைக்கு நடுவில்தான் 30 ஆண்டுகளாக நான் படித்துக்கொண்டும் எழுத முயன்றுகொண்டும் இருக்கிறேன். பகலில் நூல் கணக்கு எழுதுவது என் வேலை. இத்தனை கட்டு நூல் போனது, இத்தனை உருப்படி வந்தது, இன்னாருக்கு இவ்வளவு கூலி என்று பேரேட்டில் எழுதிய கைக்கு, இரவில் ஒரு கதையின் முதல் வரி எளிதில் வசப்படுவதில்லை.

என் தந்தை குழித்தறியில் நெய்தவர். மிதிகட்டையின் தாளத்துக்கும் நாடாவின் வீச்சுக்கும் பொருந்தத் திருப்புகழ் பாடுவார். சந்தம் மாறும்போது நெசவின் வேகமும் சற்று மாறும். பாட்டு தறியை இழுத்துச் சென்றதா, தறி பாட்டை இழுத்துச் சென்றதா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவரிடம் அட்டை கிழிந்த திருப்புகழ்ப் புத்தகம் ஒன்று இருந்தது. தறியில் அறுத்த துண்டுத் துணியில் சுற்றி அதை மாடத்தில் வைத்திருப்பார். பதிப்பித்தவர் என்ற இடத்தில் செங்கல்வராய பிள்ளை என்று அச்சிட்டிருக்கும். செங்கல்வராயன் என்பது திருத்தணி முருகனின் பெயர். இந்திரன் அந்த மலையில் செங்கழுநீர் மலரை வளர்த்து வழிபட்ட கதையோடு சேர்ந்து வந்த பெயர் அது. ஆகவே சிறுவயதில் நான் அந்தப் புத்தகத்தை முருகனே அச்சிட்டுக் கொடுத்ததாக நம்பியிருந்தேன். விசைத்தறி வந்ததும் அப்பாவின் பாட்டு நின்றுபோயிற்று. அந்த இரைச்சலில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தச் செங்கல்வராய பிள்ளையை நான் எதிர்பாராத ஓர் இடத்தில் மீண்டும் சந்திக்க நேர்ந்தது. பாதியில் நின்ற என் நாவல் ஒன்று பன்னிரண்டு நோட்டுப் புத்தகங்களில் கிடந்தது. வேலையை விட்டுவிட்டு, வீட்டை அடமானம் வைத்து, அந்தப் பணத்தில் இரண்டாண்டு காலம் குடும்பத்தை ஓட்டி நாவலை முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். என் மனைவி எதிர்க்கவில்லை. பையனின் கல்லூரிக் கட்டணம் எந்த மாதங்களில் வரும் என்று மட்டும் ஒரு தாளில் எழுதி என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அடமானத்துக்கு வில்லங்கச் சான்று வேண்டும். அதற்காகப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். பழைய ஆண்டுகளுக்கு ஏடுகளைப் புரட்டித்தான் ஆக வேண்டும். நடுத்தர வயது ஊழியர் ஒருவர் பெரிய ஏடு ஒன்றை இறக்கி, தூசு தட்டி, ஊரின் பெயரைப் பிடித்து, சர்வே எண்ணைப் பிடித்து, விரல் நுனியால் வரிவரியாக இறங்கி, என் பாட்டனார் அந்த மனையை வாங்கிய நாளைச் சில நிமிடங்களில் எடுத்துவிட்டார். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திருப்புகழைப் பதிப்பித்த செங்கல்வராய பிள்ளை தம் பணிக்காலம் முழுவதையும் கழித்தது இந்தத் துறையில்தான்.

அவருடைய வாழ்க்கையைச் சொல்வதற்கு முன் அவருடைய தந்தையைச் சொல்லியாக வேண்டும். செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள வடக்குப்பட்டைச் சேர்ந்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை (1846–1909) நீதித்துறைப் பணியில் இருந்து மாவட்ட முன்சீபாக உயர்ந்தவர். 1870களின் தொடக்கத்தில் அவர் கடலூரை அடுத்த மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் தரப்புக்குச் சான்றாகக் காட்டிய ஆவணங்களுள் அருணகிரிநாதரின் பாடல் ஒன்றும் இருந்தது என்பது திருப்புகழ் அன்பர்கள் அனைவரும் அறிந்த செய்தி. நீதிமன்றக் கட்டுக்குள் ஒரு சான்றாவணமாகக் கிடந்த பாட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. இப்படி எத்தனை பாடல்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்று தேடத் தொடங்கினார். பதினாறாயிரம் பாடியதாக மரபு சொல்லும் அருணகிரியாரின் பாடல்களில் அன்று மக்கள் நாவில் இருந்தவை மிகச் சில. ஏட்டுச் சுவடி வைத்திருந்தவர்கள், பாடத் தெரிந்தவர்கள், கோயிலைச் சார்ந்தவர்கள் என்று அவர் தேடிப் போனார். பணி மாறுதலாகிச் சென்ற ஊரெல்லாம் தேடலுக்கும் ஊராயின. பகலில் சொத்து வழக்கு, இரவில் ஏடு என்று இருபது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்த பிறகே முதல் தொகுதி 1890களில் வெளிவந்தது. இரண்டாம் தொகுதி 1901இல் வந்தது. இன்று அச்சில் ஆயிரத்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் நமக்குக் கிடைப்பதற்கு அடித்தளம் இந்த முன்சீபு இட்டது. சிவத்தலங்களைத் தொகுத்துச் சிவஸ்தல மஞ்சரி என்ற நூலையும் அவர் எழுதினார்.

அந்த வீட்டில் 1883இல் பிறந்தவர் செங்கல்வராயர். திருத்தணி முருகன்மேல் தந்தை வைத்திருந்த பற்றின் அடையாளம் அந்தப் பெயர். தந்தையின் மாறுதல்களோடு ஊர் ஊராக அலைந்து படித்தது அவருடைய பள்ளிப் பருவம். பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரி. அங்கே தமிழாசிரியர், சூரியநாராயண சாஸ்திரியார் என்னும் இயற்பெயரைத் தமிழாக்கிக்கொண்ட பரிதிமாற்கலைஞர். நாடகமும் செய்யுளும் ஆராய்ச்சியுமாகத் தமிழுக்குப் புது வழிகளைத் தேடிக்கொண்டிருந்தவர், 1903இல் தம் முப்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். அப்படி ஓர் ஆசிரியரிடம் படித்து எம்.ஏ. பட்டமும் பெற்ற இளைஞர் கல்லூரி ஆசிரியராவார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவர் பதிவுத் துறையில் எழுத்தராகச் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து பதிவாளராகி, 1938இல் ஓய்வு பெற்றார். ராவ் சாகிப் பட்டமும் வந்தது. அரசாங்கக் கண்ணில் அவருடைய வாழ்க்கை அந்த ஆண்டோடு நிறைவடைந்துவிட்ட ஒன்று.

1909இல் தந்தை மறைந்தார். ஆங்கில அரசின் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 1909இன் முதல் நாளில்தான். மகனின் தோளில் ஒரே சமயத்தில் இரண்டு பாரம் ஏறியதாக எனக்குத் தோன்றுகிறது. ஒன்று தந்தை விட்டுச்சென்ற பதிப்புப் பணி, மற்றொன்று பதிவேடு. இரண்டையும் அவர் இறக்கி வைக்கவில்லை.

இங்கே பதிவேட்டைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். சொத்து விற்றவர், வாங்கியவர் எல்லோரையும் நாம் பத்திரத்தோடு தொடர்புபடுத்தி நினைக்கிறோம். ஆனால் பதிவு அலுவலகத்தின் உயிர் பத்திர நகலில் இல்லை, அதற்கான அட்டவணையில்தான் இருக்கிறது. பத்திரங்கள் வரிசைப்படி ஏடுகளில் நகலெடுக்கப்படும். நாள்படக் குவியும் அந்த நகல்களில் ஒன்றைத் தேடி எடுக்க வேண்டுமானால் அட்டவணை வேண்டும். முதல் அட்டவணையில் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்கள் இருக்கும். இரண்டாவதில் ஊரும் சொத்தும். மூன்றாவது உயில்களுக்கு உரியது. ஒரே பத்திரத்தை ஆளின் பெயரைக் கொண்டும் தேடலாம், நிலத்தைக் கொண்டும் தேடலாம். எவர் எந்தக் கேள்வியோடு வந்தாலும் விடை எந்த ஏட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டுவதே அதன் வேலை. ஒரு பதிவு விடுபட்டால் ஒரு குடும்பம் நிலத்தை இழக்கும்.

இப்போது செங்கல்வராய பிள்ளையின் ஒளிநெறி நூல்களை எடுத்துப் பாருங்கள். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரின் தேவாரத்துக்குத் தனித்தனியே பல தொகுதிகளாகத் தேவார ஒளிநெறி. அதுபோலவே திருவாசகத்துக்கும் திருக்கோவையாருக்கும். தேவாரம் மட்டுமே எண்ணாயிரம் பாடல்களைத் தாண்டும். அவ்வளவு பாடல்களிலும் வரும் பொருள்களைத் தலைப்பு வாரியாகப் பிரித்து, அகர வரிசையில் அடுக்கி, எந்தப் பொருள் எந்தப் பாட்டில் வருகிறது என்று எண் கொடுத்துக் காட்டியிருக்கிறார். ஒரு தலத்தைப் பற்றித் தேடுகிறவருக்கும், ஒரு புராணக் கதையைத் தேடுகிறவருக்கும், ஓர் உவமையைத் தேடுகிறவருக்கும் அந்நூல் தனித்தனி வாசல். கணினித் தேடல் நேற்று வந்தது. அதற்கு முன் ஓர் ஆராய்ச்சியாளர் தேவாரத்துக்குள் வழி தவறாமல் நடக்க வேண்டுமானால் இந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ஒரு நிறுவனமும் அலுவலகமும் ஆசிரியர் குழுவும் சேர்ந்து செய்த வேலை. ஒளிநெறிகளுக்குப் பின்னால் அப்படி ஓர் அலுவலகம் கிடையாது.

பதிவுத் துறைதான் அவருக்கு இந்த முறையைக் கற்றுக் கொடுத்தது என்று நான் துணிந்து ஊகிக்கிறேன். பல்கலைக்கழகத்தில் இருந்திருந்தால் அவர் தேவாரத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றியிருப்பார், கட்டுரைகள் எழுதியிருப்பார். தேவாரத்துக்கு ஒரு வில்லங்கப் பதிவேடு தயாரிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்குமா? அலுவலகம் இலக்கியத்தின் பகை என்று எழுதுகிறவர்கள் நாம் ஓயாமல் புலம்புகிறோம். அவர் அலுவலகத்தின் கருவியையே எடுத்துக்கொண்டுபோய்க் கோயிலில் வைத்துவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. துண்டு நேரத்தில் செய்யக்கூடிய வேலை இது. பத்துப் பாட்டைப் படித்து, குறிப்பெடுத்து, தாளை மடித்து வைத்துவிட்டு அலுவலகம் போகலாம். மாலையில் பதினோராவது பாட்டிலிருந்து தொடங்கலாம். உறவினர் வந்தால் நிறுத்தலாம், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு வாரம் விடலாம். விட்ட இடம் அங்கேயே இருக்கும். லண்டனில் புத்தகக் கடை நடத்திக்கொண்டே பைபிளுக்கு ஒரு சொல்லடைவைத் தயாரித்து 1737இல் வெளியிட்ட அலெக்சாண்டர் குரூடனும் இந்த வகையினர்தான். பெரிய வேலையைச் சிறிய நேரங்களுக்குள் அடங்கும்படி வெட்டத் தெரிந்தவர்கள் இவர்கள்.

அரசுப் பணியோடு எழுத்தும் என்பது தமிழுக்குப் புதிதில்லை. மாயூரம் முன்சீபு வேதநாயகம் பிள்ளை 1879இல் தமிழின் முதல் நாவலை அச்சிட்டார். வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் இருந்துகொண்டே பம்மல் சம்பந்த முதலியார் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். நெய்கிறவர்கள் ஊரில் பிறந்ததால் ஒட்டக்கூத்தரையும் இந்த வரிசையில் சேர்க்க எனக்கு ஆசைதான். ஆனால் சோழ அரசவையில் புலவராக இருப்பது ஒரு முழுநேர வேலை, அதை நமது கணக்கில் சேர்க்க முடியாது.

செங்கல்வராயரின் பெரிய நூல்கள் பெரும்பாலும் ஓய்வுக்குப் பின்னரே அச்சேறின. அருணகிரிநாதர் வரலாறும் நூலாராய்ச்சியும் 1947இல் வந்தது. அருணகிரியாரின் நூல்களோடு பிற முருகனடியார் பாடல்களையும் சேர்த்து, சைவத் திருமுறைகளுக்கு இணையாகப் பன்னிரண்டாக வகுத்து, உரையும் குறிப்பும் எழுதி முருகவேள் பன்னிரு திருமுறையை வெளியிட்டார். ஒளிநெறிகள் தொடர்ந்தன. ஓய்வு பெற்றது 1938, மறைந்தது 1971. இடையே 33 ஆண்டுகள். இதைப் பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஐம்பத்தைந்து வயதில் தேவாரத்தைப் படிக்கத் தொடங்கியவரால் ஒளிநெறி எழுத முடியாது. பணிக்காலம் முழுவதும் வாசிப்பாகச் சேர்ந்தது பிறகு நூலாக வெளிப்பட்டது. வாசிப்பு மறைந்து ஓடும் ஆறு. எங்கள் பக்கத்துக் கொசஸ்தலை ஆற்றில் கோடையில் நீர் இல்லை என்று சொல்லிவிட முடியாது, மணலைத் தோண்டினால் தெரியும்.

அவர் கவிதையும் எழுதினார். தணிகை முருகன்மீது பாடிய சிறு நூல்கள் பல. பக்தர்களுக்கு அவை இனிமையானவை. ஆயினும் ஒளிநெறிகளோடு வைத்துப் பார்க்கையில் அவருடைய செய்யுள் எனக்கு இரண்டாமிடத்தில்தான் நிற்கிறது. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரலாம். பாட்டு எழுதியவர் படைப்பாளி, அட்டவணை தயாரித்தவர் வெறும் தொகுப்பாளர் என்ற ஏணிப்படி நம் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. எண்ணாயிரம் பாடல்களையும் ஒரே மனத்துக்குள் விரித்து வைத்துக்கொண்டு, எது எதனோடு உறவு என்று காண்பதற்குக் கற்பனை வேண்டாமா?

தணிகைமணி என்றே தமிழுலகம் அவரை அழைத்தது. அவருடைய தணிகை அவருடைய வாழ்நாளிலேயே மாநிலம் மாறிய ஊர். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சிவஞானம் முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் முதல் நாளில் திரும்பி வந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் அந்த ஆண்டுகளைப் பற்றிக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு தனிக்கதை சொல்வார்கள், அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன். எல்லை இப்படிப் போய்வந்த காலத்திலும் மலைமேல் பாட்டு நிற்கவில்லை. வள்ளிமலைச் சுவாமிகள் 1918இல் தொடங்கிய படித்திருவிழா ஆண்டுதோறும் டிசம்பர் 31 இரவில் நடக்கிறது. ஆங்கிலப் புத்தாண்டன்று துரைமார்களைப் பார்க்க எலுமிச்சம்பழத்தோடு போகும் கூட்டத்தை முருகனிடம் திருப்பிவிட அவர் செய்த ஏற்பாடு அது என்பார்கள். எழுத்தறிவு அதிகம் இல்லாமல் இளமையைக் கழித்த சுவாமிகள் திருப்புகழில் தோய்ந்தது முன்சீபு பதிப்பித்த புத்தகத்தின் துணையால்தான். ஒரு படிக்கு ஒரு பாட்டு என்று முந்நூற்றறுபத்தைந்து படியும் பாடி ஏற வேண்டுமானால் அத்தனை பாடல்கள் முதலில் அச்சில் இருக்க வேண்டும் அல்லவா?

அவரைப் பற்றிப் படித்தது எனக்கு முழு ஆறுதலாக அமைந்துவிடவில்லை. தொகுப்பு வேலையைத் துண்டு துண்டாக வெட்டலாம். நாவலை வெட்டினால் இரத்தம் வரும். ஓர் அத்தியாயத்தின் நடுவே ஒரு வாரம் விட்டால் பாத்திரங்கள் என்னோடு பேசுவதில்லை. பேரேட்டில் நான் எழுதும் நூல் கணக்கு எனக்கு நாவல் எழுதும் முறை எதையும் கற்றுத் தருவதாகத் தெரியவில்லை. முதலில் இப்படித்தான் எண்ணினேன். பிறகு ஓர் இரவு பழைய பேரேடுகளைச் சும்மா புரட்டினேன். பதினைந்து ஆண்டுகளாக நானே எழுதிய பெயர்கள். குழித்தறியிலிருந்து விசைத்தறிக்கு மாறியவர்கள், தறியை விற்றவர்கள், கூலி முன்பணம் ஐந்நூறு ஐந்நூறாக ஏறிக்கொண்டே போய் ஒரு நாள் பெயரே இல்லாமல் போனவர்கள். என் நாவலில் நான் கற்பித்து வைத்திருந்த நெசவாளரைவிட அந்தப் பத்தியில் இருந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். பெயர்களை மாற்றி, ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் என்று எழுத ஆரம்பித்தேன். ஒரு தாள் எழுத முக்கால் மணி நேரம் போதும்.

வேலையை விடவில்லை, வீட்டையும் அடமானம் வைக்கவில்லை. கட்டணம் வரும் மாதங்களை எழுதிய தாளை மனைவி எடுத்து அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அப்பாவின் திருப்புகழ்ப் புத்தகத்தை மாடத்திலிருந்து இறக்கி, துணி பிரித்து, இப்போது என் மேசைமேல் வைத்திருக்கிறேன். நிறுத்திய பக்கத்துக்கு அடையாளமாக உள்ளே செருகியிருப்பது என் பாட்டனார் பெயர் கொண்ட அந்த வில்லங்கச் சான்று. பன்னிரண்டு நோட்டுகளில் ஒன்பதை மூட்டை கட்டிவிட்டேன். தாள்கள் நாற்பத்தொன்று சேர்ந்திருக்கின்றன. இன்று மின்வாரியப் பராமரிப்புக்காக மாலை ஐந்து மணி வரை ஊரில் மின்சாரம் இல்லை என்று அறிவித்திருக்கிறார்கள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.